ஏழாம் அச்சு

வெள்ளம் வடிந்த முதல் சனிக்கிழமை
உம்கேனி ஆறு கடலைத் தொடும் இடத்தில்
மணலே தெரியவில்லை.
கறுத்துப்போன நாணல், இடுப்பளவுக்கு.
அதற்குள்ளே டர்பனின் தாகம் முழுவதும்
காலி பாட்டிலாகக் கிடந்தது.

நொக்வாசி கையுறை நீட்டினாள்.
இரண்டுமே இடக்கைக்கு உரியவை.
"இன்றைக்கு இதுதான்" என்றாள்.
அவள் தோளில் ஒரு கொக்கித் தராசு,
மீன்காரர்கள் வைத்திருப்பது போல.
படிவத்தில் பெயர் எழுதினேன், தொலைபேசி எண் எழுதினேன்.
தொழில் என்ற கட்டத்தில் 'தொழிற்சாலை' என்று மட்டும்.
என்ன தயாரிக்கிறீர்கள் என்று
எட்டிப் பார்த்துக் கேட்டார் மூனசாமி டீச்சர்.
'மூடி' என்று சொல்ல வந்து
வாயை மூடிக்கொண்டேன்.

வாரநாட்களில் நான் மொபெனியில் இருப்பேன்.
மூட்டையைப் பிரித்துக் கொட்டுவது என் வேலை:
ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள்.
பத்து நொடிக்கு ஒருமுறை இயந்திரம் வாய் திறந்து
இருபத்துநான்கு நீல மூடிகளைத் துப்பும்.
ஒவ்வொன்றின் வயிற்றிலும்
எந்த அச்சில் பிறந்தது என்று பொடி எழுத்தில் ஓர் எண்.
ஏழாம் அச்சில் பழுது உண்டு.
விளிம்பில் நகம் கிள்ளிய அளவு பிசிறு.
மார்ச் மாதமே சொன்னேன்.
"தண்ணீர் ஒழுகுதா? இல்லைதானே, ஓட்டு"
என்றார் ஃபோர்மேன் செல்வநாதன் கோவெண்டர்.
ஓட்டினேன்.

கடற்கரையில் பொறுக்குவது ஒரு தினுசான குனிதல்.
நடவு மாதிரி இல்லை, தொழுகை மாதிரியும் இல்லை.
எதையோ தொலைத்தவன் குனிவது மாதிரி.
ஒரு செருப்பு. பொம்மையின் கால். காது குடையும் குச்சிகள், எண்ணவே முடியாது.
மஞ்சள் தடவிய தேங்காய், அதைச் சுற்றிய பிளாஸ்டிக் பையோடு,
யாரோ நம்மவர் செய்த பிரார்த்தனை.
தேங்காயைக் கடலுக்கே விட்டுவிட்டுப்
பையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.
ஷாட் மீனுக்காகத் தூண்டில் போட்டு நின்றவர்கள்
நல்ல வேலை செய்கிறீர்கள் என்று கையசைத்தார்கள்,
இரை வாங்கிய பையைக் காற்றில் விட்டபடி.

கட்டைவிரல்தான் முதலில் கண்டுபிடித்தது.
கையுறைக்கு மேலேயே அந்தப் பிசிறு தைத்தது.
திருப்பிப் பார்க்காமலே தெரியும்,
இருந்தும் திருப்பினேன்.
மணலைத் துடைத்தேன்.
ஏழு.

அதன்பிறகு ஒவ்வொரு மூடியையும் கவிழ்த்துப் பார்த்துத்தான் சாக்கில் போட்டேன்.
பதினொரு மணிக்கு என் கணக்கு இருநூற்றுப் பதினான்கு.
ஒரு ஷிஃப்டுக்கு அறுபத்தொன்பதாயிரம் வார்க்கிறோம்.
மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன்:
ஒரே ஒரு நாள் வேலையைப் பொறுக்கி முடிக்க
ஆறு வருஷத்துச் சனிக்கிழமைகள் போதாது.
மகள் அதற்குள் படிப்பை முடித்திருப்பாள்,
அந்த மூடிகள் கட்டிய ஃபீஸில்.

"உள்ளே என்ன தேடுறீங்க?"
நொக்வாசி, சாக்கைத் தராசில் மாட்டிக்கொண்டே.
எண் பார்க்கிறேன் என்றேன்.
"லாட்டரியா?" சிரித்தாள். "எந்த எண்?"
ஏழு.

திங்கட்கிழமை இயந்திரத்தின் முன் நின்றேன்.
பத்து நொடி. வாய். பத்து நொடி. வாய்.
சட்டைப் பையில் மணல் உறுத்தியது.
செல்வநாதனிடம் போய்ச் சொல்லவேண்டியதை
மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்தேன்,
பிறகு ஷிஃப்ட் முடியட்டும் என்று வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை மழைத் தூறல். ஆறே பேர்தான்.
நொக்வாசி காரிலிருந்து
ஓர் ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து வந்து
இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தாள்.
வாரம் முழுக்க எல்லாருமாகச் சேர்த்ததாம்.
"உங்க ராசி எண். மூனசாமி டீச்சர்தான் நிறையக் கண்டுபிடிச்சாங்க."

மூடியைத் திறந்தேன்.
நீலமாய், விளிம்பு வரை.

ங்கியபொங்கா, என்றேன்.
கனமே இல்லை அந்த டப்பா.
அதை எங்கே வைப்பது என்று தெரியாமல்
காலை முழுக்கக் கையிலேயே வைத்திருந்தேன்,
ஒற்றைக் கையால் பொறுக்கிக்கொண்டு.